‘டி போச்சு’ அப்துல் சமது

வங்கக் கடலில் கிடக்கும் இத்தனை தீவுகளும் இன்னும் மூழ்காமல் இருப்பதற்கு ஒரே காரணம், அபர்டீன் பஜாரில் அப்துல் சமது தினமும் காலையில் கடை திறப்பதுதான். கப்பல் கேப்டன்கள் நங்கூரத்தைத் தூக்குவதற்கு முன், சமது பாய் கடை ஷட்டர் ஏறிவிட்டதா என்று விசாரித்துக்கொள்வார்கள். செத்துப்போன கம்ப்யூட்டர்கள் அவர் வாசலில் இறக்கி வைத்த மாத்திரத்தில் வெட்கப்பட்டுத் தாமாக எழுந்து உட்கார்ந்த வரலாறு உண்டு. விண்டோஸைக் கண்டுபிடித்தவர்களே நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் போடுவார்கள். இவர்தான் எடுக்கமாட்டார், அந்த நேரம் பார்த்து மீன் வாங்கப் போயிருப்பார்.

இதெல்லாம் அவர் வாயாலேயே சொன்னது. கொஞ்சம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறது.

உள்ளபடி பார்த்தால் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குடும்பம் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. அவருடைய வாப்பா இதே கடையில் குடையும் கைலியும் விற்றார். மகன் அதைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஆக்கினார். குடை தொங்கிய கொக்கிகளில் இப்போது வயர் தொங்குகிறது. கடையின் ஒரு பாதியை ஜெராக்ஸ் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் அவர் மகள் ஹுஸ்னா அடைத்துக்கொண்டிருக்கிறாள். பிளஸ் ஒன்னோடு படிப்பை முடித்துக்கொண்டவள். வாயை மட்டும் முடித்துக்கொள்ளவில்லை என்பது அப்துல் சமதின் குறை.

ஆனால் வேலை தெரிந்த மனிதர், அதில் சந்தேகமில்லை. கடல்காற்று கம்ப்யூட்டரை உள்ளிருந்து தின்னும். ஆறு மாதம் மூடி வைத்த பெட்டியைத் திறந்தால் பித்தளையெல்லாம் பச்சை பூத்திருக்கும். அவர் ஒரு பள்ளிக்கூட ரப்பரை எடுத்து, குழந்தை நோட்டில் தப்பு அழிப்பதுபோல் அதைத் தேய்த்துத் தேய்த்து உயிர் கொடுப்பார். விண்டோஸ் போடுவதில் இன்னும் கவனம். கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதலில் இரண்டாவதின் வயரை உருவி, டிஸ்க்கையே வெளியே எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துவிடுவார். விண்டோஸ் ஏற்றும்போது திரையில் பூஜ்ஜியம், ஒன்று என்று இரண்டு டிஸ்க்கையும் காட்டும். எது எது என்று அது சொல்லாது. தப்பானதைத் தொட்டு ஃபார்மட் கொடுத்தால் பத்து வருடத்துக் கல்யாணமும் காதுகுத்தும் ஒரு நிமிடத்தில் துடைக்கப்பட்டுவிடும். அதனால் ஒன்றை மட்டும் உள்ளே விட்டு, அதைத் துடைத்து, அதில் விண்டோஸை ஏற்றி, எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் டிராயரைத் திறப்பார். பழைய டிஸ்க்கை மாட்டுவார். விண்டோஸ் ஏறிய டிஸ்க்குக்குத் திரையில் பெயர் ‘சி’, இதற்கு ‘டி’. சில சமயம் இது ‘டி’க்குப் பதிலாக ‘ஈ’ என்று பெயர் மாறி வந்து நிற்கும். காதைப் பிடித்துத் திருகி மறுபடி ‘டி’ ஆக்குவார். இத்தனை வருடத்தில் அவர் கையால் ஒரு ‘டி’கூடப் போனதில்லை.

ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் ‘டி போச்சு பாய்’.

அது அவராகத் தேடிக்கொண்டது. விண்டோஸ் புதிதாகப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கிப்போக வரும் ஆள் நன்றி சொல்லமாட்டார். திரையில் என் பெண்ணின் படம் இருந்ததே, எங்கே என்பார். பிரிண்டர் ஏன் சத்தமே போடவில்லை என்பார். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது, சீட்டாட்டத்தில் நான் ஜெயித்த கணக்கு காணவில்லை என்று மணிக்கணக்கில் நின்று அழுவார். இதற்கு அப்துல் சமது ஒரு மருந்து கண்டுபிடித்தார்.

வேலை முடிந்து, இரண்டாவது டிஸ்க் டிராயருக்குள் பத்திரமாக இருக்கும்போதே ஆளை வரச் சொல்வார். ஆள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வெளியே வந்து நிற்பாரே, அந்த மாதிரி நிற்பார்.

“சி வந்துருச்சு,” என்பார். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். “டி போச்சு.”

பிறகு முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் அவருக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் கிம்பளம்.

ஆள் ஆடி அடங்கியதும், “நாளைக்கு வாங்க. நம்ம கையில என்ன இருக்கு, பாப்போம்,” என்று அனுப்பிவிடுவார். மறுநாள் டிஸ்க்கை மாட்டி, விடிய விடியக் கண் விழித்த மாதிரி இருமிக்கொண்டே ‘டி’யைத் திறந்து காட்டுவார். செத்த பிள்ளை எழுந்து வந்த வீட்டில் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பற்றி யார் பேசுவார்கள்? பிரிண்டரும் சீட்டாட்டமும் யாருக்கும் ஞாபகம் வராது. ஒருவர் மவுஸுக்கு முத்தம் கொடுத்தார்.

வருடக்கணக்கில் அவர் முகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். காண்ட்ராக்டர் ராஜமாணிக்கம், ஆறடி ஆள், ஒரு மாநிலத்துக்குத் தேவையான மீசை, அப்படியே தரையில் உட்கார்ந்து “அம்மா” என்றார். ஒரு கல்லூரி விரிவுரையாளர், டிஸ்க் கீழே விழுந்திருக்குமோ என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் மட்டும், “சுத்தமா போச்சா பாய்? யாராலயும் எடுக்க முடியாதா? போலீஸாலகூட?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. அப்துல் சமது மறுநாள் அவனை மனைவியோடு வரச்சொல்லி, மனைவி கையில் கொடுத்தார்.

இந்த முகங்களையெல்லாம் சாயங்காலம் டீக்கடையில் ஆட்டோக்காரர் வெள்ளைச்சாமிக்கு நடித்துக் காட்டுவார். வெள்ளைச்சாமி சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் ஊற்றிக்கொள்வார். ஒருநாள் அவர், யாராவது மனசு உடைந்து செத்துகித்துப் போனால் என்ன செய்வீர்கள் பாய் என்று கேட்டார். ஒரு ராத்திரிதானே, காலையில்தான் கொடுத்துவிடுகிறேனே என்றார் இவர். அதற்குள் ஆள் வராமல் போய்விட்டால்? அப்துல் சமதுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“தீவுல இருந்துக்கிட்டு ஆளு எங்கப்பா போயிருவான்? நாலு பக்கமும் தண்ணி.”

அந்த நாலு பக்கத் தண்ணியில் கப்பலும் போகும் என்பது அவருக்குத் தோன்றாமலே இருந்தது, நீலாவதி வரும்வரை.

நீலாவதி ஹட் பேக்காரி, தெற்கே கப்பலில் போகவேண்டிய இன்னொரு தீவு. சி.பி.யு.வைப் பழைய போர்வையில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு கப்பலில் வந்து, ஜெட்டித் துறையிலிருந்து வெள்ளைச்சாமியின் ஆட்டோவில் கடை வாசலில் இறங்கினாள். போர்வையைப் பிரிக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஹட் பேயில் இதைத் தொட ஆள் இல்லை. விண்டோஸ் போனால் போகட்டும், உள்ளே இன்னொரு டிஸ்க் இருக்கிறது, அதில் வீட்டுக்காரர் உதயசூரியனின் குரல் இருக்கிறது. எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டம் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஆனால் ஹட் பேயில் எந்தக் கால்பந்து மேட்ச் நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். இப்போது தொண்டையில் கட்டி வந்து, சென்னையில் ஆபரேஷன் பண்ணி, குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். தங்கை வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழைய பதிவு நிறையக் கொண்டுவந்தால், போனில் எழுதினால் அது அவர் குரலிலேயே பேசுகிற மாதிரிச் செய்து தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். வேறு எங்கேயும் அந்தக் குரல் கிடையாது. நாளைச் சாயங்காலம் சென்னைக்குப் போகும் மெயின்லேண்ட் கப்பல், அதற்குள் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும்.

இத்தனையும் அவள் சொன்னாள். அப்துல் சமது சி.பி.யு.வின் பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு பல்லி முட்டையிட்டு வைத்திருப்பதைப் பார்த்து, அதை எதனால் எடுப்பது என்று ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் நடுவில் யோசித்துக்கொண்டிருந்தார். ம், ம் என்று சரியான இடங்களில் சொன்னார். சொந்தக் கதை சொல்லாத வாடிக்கையாளர் இதுவரை வந்ததில்லை. கதைக்கு அவர் காது கொடுப்பதில்லை, தலையை மட்டும்தான் கொடுப்பார். போன் நம்பரை வாங்கி ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினார்.

வேலையை வழக்கம்போல் சுத்தமாகச் செய்தார். இரண்டாவது டிஸ்க் டிராயருக்குள் போனது. முதலாவதைத் துடைத்து விண்டோஸை ஏற்றினார். பச்சை பூத்த பித்தளையை ரப்பரால் தேய்த்தார். டிராயரிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தார், ‘டி’ எழுந்து நின்றது. திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடி உருவி டிராயரில் வைத்தார், முகம் பார்ப்பதற்காக.

மறுநாள் மதியம் நீலாவதி வந்தாள். தோளில் ஒரு ரெக்சின் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. அப்துல் சமது கண்ணாடியைக் கழற்றினார்.

“சி வந்துருச்சு அக்கா.” தரையைப் பார்த்தார். “டி போச்சு.”

பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவள் முகம் ஜெட்டியில் கட்டிய படகுபோல் நின்ற இடத்தில் நின்றது. உட்காரவில்லை, குனியவில்லை, அம்மா என்று சொல்லவில்லை. தூக்கை மட்டும் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“எதுவுமே வராதா பாய்?”

“நாளைக்கு வாங்க. நம்ம கையில என்ன இருக்கு, பாப்போம்.”

“சரி பாய்,” என்றாள். பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனாள். செருப்பு அறுந்ததைத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போகிறவள்கூட இன்னும் கொஞ்சம் கவலைப்படுவாள்.

அப்துல் சமதுக்கு மனசு புண்பட்டுவிட்டது. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை. அன்று டீக்கடையில் அவர் யாரையும் நடித்துக் காட்டவில்லை. நடிக்க என்ன இருக்கிறது, சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். சில ஜென்மங்களுக்கு எது போனாலும் ஒன்றுதான் என்று வெள்ளைச்சாமி வரத் தாமதமானதால் டீக்கடைக்காரரிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் நீலாவதி வரவில்லை. பதினொரு மணிக்கும் வரவில்லை. அப்படி எந்தக் குப்பைக்கு இந்தப் பொம்பளை அழாமல் போனாள் என்று பார்க்கத்தான் அவர் டிஸ்க்கை மாட்டி ‘டி’யைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். அதன் பெயர் ‘அவர்’. அதற்குள் நிறைய ஆடியோ. ஒன்றைத் தட்டினார்.

கடை முழுக்க ஒரு மைதானம் வந்து இறங்கியது. விசில், பிள்ளைகளின் கூச்சல், மைக்கின் கீச்சல். அதற்கு மேலே ஒரு குரல், தமிழும் இந்தியும் வங்காளமும் ஒரே பானையில் போட்டுக் கிளறின குரல்.

“அரே மண்டல் பாபு, அந்தப் பந்து என்ன உனக்கு மச்சானா, விட மாட்டேங்கறே? சோடோ பாய், சோடோ! இதோ வர்றாரு நம்ம பதினோராம் நம்பர், வர்றாரு, இன்னும் வர்றாரு, அவரு வர்றதுக்குள்ள மழை வந்துரும்… கோல் கீப்பர் ஏன் அந்தப் பக்கம் பாக்கறாரு? அங்க அவரு வீட்டுக்காரம்மா சோறு கொண்டு வந்திருக்கு.”

அப்துல் சமது சிரித்துவிட்டார். இன்னொன்றைத் தட்டினார். அதிலும் மேட்ச். இன்னொன்றில் மேட்ச் இல்லை, வீடு. அதே குரல், மைக் இல்லாமல், நீலாவதி மீன் குழம்பு கொதிக்க வைப்பதை மேட்ச் மாதிரி வருணித்துக்கொண்டிருந்தது. பின்னால் அவள் சிரிக்கும் சத்தம், போதும் போங்க என்று அதட்டும் சத்தம்.

அப்போதுதான், அவர் காது வாங்காமல் விட்டு வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. தொண்டை. குரல் பெட்டி. வேறு எங்கேயும் கிடையாது. சாயங்காலக் கப்பல்.

பெட்டிமேல் ஒட்டிய நம்பருக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. வெளியே ஓடி வந்தார். வெள்ளைச்சாமி ஆட்டோவில் காலைத் தொங்கப்போட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“போர்வை அக்காவா? நேத்தே ஹாடோ துறைமுகத்துல விட்டுட்டேனே பாய். சென்னைக் கப்பல். ஏத்தி விட்டுட்டு வரத்தான் எனக்கு டீக்கு நேரமாச்சு. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல அந்தம்மா. என்ன, டி போச்சா?”

சென்னைக் கப்பல் ஏறினால் மூன்று நாள். கரை கண்ணை விட்டுப் போனதும் போனில் சிக்னல் போய்விடும். அப்புறம் மெயின்லேண்ட் தெரிகிற வரைக்கும் தண்ணீர்தான்.

அப்துல் சமது கடைக்குத் திரும்பி வந்து, வாட்ஸப்பில் எழுதினார்: ‘அக்கா டி இருக்கு’. ஒற்றை டிக். ‘நான் பொய் சொன்னேன்’. ஒற்றை டிக். மேட்சை அனுப்பினார், மீன் குழம்பை அனுப்பினார். ஃபோல்டரில் இருந்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு சாம்பல் டிக், வரிசையாக. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கு ஹுஸ்னா பக்கம் கையை மட்டும் காட்டினார்.

மதியம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஹாடோவுக்குப் போனார். கப்பல் அலுவலகத்தில், கப்பலுக்குச் செய்தி அனுப்ப முடியும் என்றார்கள். வயர்லெஸ் இருக்கிறது, ஸ்பீக்கரில் அறிவிப்பார்கள். ஆனால் எல்லாச் செய்தியும் போகாது.

“மௌத் ஹை?” என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர். சாவா?

இல்லை என்றார் இவர்.

“பீமாரி?”

நோயும் இல்லை. பிறகு என்னதான் என்று அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். அப்துல் சமது இந்தியில் விளக்கப் பார்த்தார். ஒரு டிரைவ், அது போகவில்லை, ஆனால் போய்விட்டது என்று நான் சொல்லிவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் பின்னால் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ ஒரு சாவு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பொய்யைத்தான் சொல்லி வந்தார். அன்றைக்கு அவர் வாயில் அது வரவில்லை. கல் ஆவோ, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சாப்பாட்டைத் திறந்தார், மூடினார். போனை எடுத்து டிக்கைப் பார்த்தார், வைத்தார், எடுத்தார். கப்பலில் அவள் தனியாகவா போயிருக்கிறாள், யாராவது துணைக்கு இருப்பார்களா, படுக்கை கீழ் பங்க்கா மேல் பங்க்கா என்று யாரிடமென்றில்லாமல் கேட்டார். ஹுஸ்னா ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வாப்பா, அப்படியே அசையாம இருங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். உங்க கலெக்‌ஷன்ல இந்த மொகம் இல்லையே.”

அவர் திட்டவில்லை. அசையாமல்தான் இருந்தார். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் அதே கவுண்டருக்கு யாரோ ஒருவர் போயிருக்கிறார். யார் என்று தெரியவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அந்த யாரோ என்ன சொல்லி அந்த மனிதரின் மனசைக் கரைத்தார் என்பதும் தெரியவில்லை. ஆனால் செய்தி போனது. கப்பலில் பங்க் கிளாஸ் ஜனங்கள் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்பீக்கர் கரகரத்தது. பங்க் கிளாஸ் யாத்ரி நீலாவதி, தியான் தீஜியே. ஆப்கா டி ஜிந்தா ஹை. துகான்தார் ஜூட்டா ஹை. நீலாவதி கவனிக்கவும், உங்கள் டி உயிரோடு இருக்கிறது, கடைக்காரர் ஒரு பொய்யர். இரண்டு தடவை. டி என்றால் யார், உங்கள் பையனா, நாயா, எந்தக் கடைக்காரர் என்று மிச்ச வழியெல்லாம் கப்பலே நீலாவதியைத் துளைத்து எடுத்திருக்கிறது.

அப்துல் சமதுக்கு இது தெரியாது. அவர் டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் சென்னை தொட்ட அன்று காலையில் மொத்த வரிசையும் ஒரே மூச்சில் இரட்டை டிக் ஆனது. பிறகு நீலமானது. அவள் கூப்பிடவில்லை. அவர் மறுநாள் மதியம்வரை பொறுத்திருந்து கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பதற்காக நாலைந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். அவள் எடுத்ததும் எல்லாம் மறந்து, “அக்கா, டி இருக்கு,” என்றார்.

“தெரியும் பாய். கப்பல்லயே அறிவிப்பு வந்துச்சு.”

அது எப்படி என்று அவர் கேட்கவில்லை. அவளே பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் அவர் கொஞ்சம் தாங்கியிருப்பார். மளிகைக் கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னாள்.

“கப்பல் கரையை விட்டுப் போறப்போ அவருக்குப் போன் போட்டேன் பாய். அவரால பேச முடியாது. நான் பேசுவேன், அவரு போனைத் தட்டுவாரு. ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்ல. குரல் போச்சுங்கன்னேன். கேக்குதான்னேன். ஒரு தட்டு தட்டுனாரு. அதோட சிக்னல் போச்சு.”

அப்துல் சமது ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“எனக்காச்சும் அறிவிப்பு வந்துச்சு. அவருக்கு எந்தக் கப்பல்ல வரும்? மூணு நாளு. நான் போயிப் பாக்கறேன், ஆஸ்பத்திரில சொல்லி ரெடியா இருக்கற ஏதோ ஒரு ஆம்பளக் குரலைப் போன்ல ஏத்தி வெச்சிருக்காரு. நான் வாசல்ல நுழையறேன், நியூஸ் வாசிக்கற மாதிரி ஒருத்தன் என்னை ‘வாருங்கள் நீலாவதி’ங்கறான். எங்க வீட்டுல யாரு பாய் வாருங்கள்னு கூப்புடுவாங்க?”

குரல் திரும்ப வந்துவிடுமல்லவா, எல்லாம் அனுப்பியிருக்கிறேனே என்று அவர் கேட்டார்.

“குடுத்திருக்கோம். செஞ்சு தர நாளாகுமாம். அவருகிட்ட டி இருக்கு, கடைக்காரரு சும்மா சொன்னாராம்னு சொன்னேன். ஏன் சும்மா சொன்னாருன்னு எழுதிக் கேட்டாரு. அதையும் அந்த நியூஸ்காரன்தான் படிச்சான்.” பிறகு அவளே கேட்டாள். “ஏன் பாய் சொன்னீங்க?”

முகம் பார்க்க என்று எப்படிச் சொல்வார்? பிரிண்டர் பற்றி யாரும் கேட்காமல் இருக்க என்று எப்படிச் சொல்வார்? அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அப்புறம், பெட்டியை ஹட் பே கப்பலில் யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுங்கள், டிஸ்க்கை உள்ளே மாட்டியே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பெட்டியை வெள்ளைச்சாமியிடம் கொடுக்காமல் அவரே ஜெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார். போர்வையை அவரே சுற்றினார். பல்லி முட்டை இருந்த இடத்தைத் துடைத்திருந்தார்.

இப்போது அவர் கடைக்குப் போனால், ஆள் படியேறும்போதே, “டி இருக்கு, டி இருக்கு, ஒண்ணும் ஆகல,” என்று எழுந்து நின்று சொல்கிறார். சிலர் பயந்தே போகிறார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து, திரையில் இருந்த படம் எங்கே, பிரிண்டர் ஏன் ஓடவில்லை, சீட்டாட்டம் எங்கே என்று ஆரம்பிக்கிறார்கள். ராஜமாணிக்கம் ஒரு முழு மதியம் ஒரு எழுத்தின் அளவைப் பற்றிப் பேசினார். அப்துல் சமது எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்கிறார். காது கொடுத்துக் கேட்கிறார். டீக்கடையில் யாரையும் நடித்துக் காட்டுவதில்லை. பொழுது போகாமல் வெள்ளைச்சாமி வேறு டீக்கடைக்கு மாறிவிட்டார். உதயசூரியனின் குரல் செய்து முடித்தார்களா என்று கேட்க அவருக்கு ஆசை. நம்பர் போனில் இருக்கிறது. எடுப்பார், வைப்பார்.

இதுவரைக்கும் உள்ளதை அப்துல் சமது படித்துவிட்டார். கடைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால் படிக்காமல் என்ன செய்வார்? கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துப் படித்தார். முதல் பத்தியில் தன்னைப் பற்றி இன்னும் நாலு வரி சேர்த்திருக்கலாம் என்றார். ‘கிம்பளம்’ என்ற இடத்தில் கனைத்தார். கப்பல் அறிவிப்பு வந்த இடத்தில் நின்று, மேலே போய், மறுபடி படித்தார்.

“ஹுஸ்னா.”

அவள் ஜெராக்ஸ் மெஷினுக்குக் காகிதம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“துகான்தார் ஜூட்டா ஹைன்னு நீ எழுதியிருக்கே.”

ஆமாம், கப்பலில் அப்படித்தானே அறிவித்தார்கள் என்றாள் அவள்.

“அந்தக்கா என்கிட்ட அறிவிப்பு வந்துச்சுன்னு மட்டுந்தான் சொன்னாங்க. என்ன வார்த்தைன்னு சொல்லல. நானும் கேக்கல. எனக்கே இப்ப இதுலதான் தெரியுது.” கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “அந்த வார்த்தை உனக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?”

தட்டில் காகிதம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. அவள் மேலும் போட்டாள்.

“அந்த யாரோ ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாதாம்,” என்றார். “அந்தக் கவுண்டர்ல சாவு, நோயின்னாத்தானே செய்தி வாங்குவாங்க. யாரு சாகக் கெடக்குறதா சொன்னே?”

ஹுஸ்னா காகிதத்தைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள், அன்றைக்குப் போட்டோ எடுக்காமல் விட்ட அந்த முகத்தை.

“என்னையா?” என்றார் அப்துல் சமது.